சத்து ஊசி

பிப்ரவரி 5, புதன்

இந்த டைரி கோழித்தீவனக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கோழி நிற்கிறது. "ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு வாங்க. காய்ச்சல், வீக்கம், மாத்திரை, கால் எவ்வளவு மடங்குது, எல்லாம் எழுதணும்" என்று நர்ஸம்மா சொன்னார். வீட்டில் எழுதாமல் கிடந்த நோட்டு இது ஒன்றுதான். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் கட்டி முடித்தவன் நான். பிழை இருந்தால் கோழி பொறுத்துக்கொள்ளட்டும்.

பேர் குழந்தைவேலு. வயது நாற்பத்தெட்டு, இன்னும் குழந்தைதான் என்பாள் என் வீட்டுக்காரி பூங்கோதை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பட்டி பார்க்கிற வேலை. தகரத்தில் பள்ளம் விழுந்த இடத்தில் பட்டியை அப்பி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமம் பண்ண வேண்டும். அதற்குமேல் பெயிண்டர் வந்து மயில் வரைந்து பேர் வாங்கிக்கொண்டு போவான்.

ஆஸ்பத்திரியில் கிடப்பது என் மகள் கோகிலவாணி. பத்தொன்பது வயது, காலேஜ் ரெண்டாம் வருஷம், மும்முறைத் தாண்டல்காரி. ஜனவரி 21 அன்று சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வில் இரண்டாவது தாண்டலில் மணலில் விழுந்தவள், தானாக எழுந்திருக்கவில்லை. வலது முட்டிக்குள் குருத்தெலும்பு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்ந்து போயிருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு முனையில் வெள்ளையாக வழுவழு என்று இருக்குமே, அதுதான்.

கோயம்புத்தூர் டாக்டர் ஜெபராஜ் படம் போட்டுக் காட்டினார். நாளைக்கு முட்டியில் துளை போட்டு, பாரம் விழாத ஓரத்தில் அரிசி அளவுக்குக் குருத்தெலும்பைக் கிள்ளி எடுப்பார்கள். அது மும்பைக்குப் போகும். அவள் ரத்தத்தையே ஊட்டி அங்கே அந்த அணுக்களை வளர்ப்பார்கள். ஐந்து வாரத்தில் லட்சக்கணக்கில் பெருகித் திரும்பி வரும். பிறகு முட்டியைத் திறந்து பள்ளத்தில் வைத்து மூடுவார்கள்.

"அப்ப இதுவும் பட்டி வேலைதானுங்களா டாக்டர்?" என்றேன்.

சிரித்துவிட்டார். "அப்படியே வெச்சுக்கோங்க. ஆனா பட்டி அவளோடது."

ஃபாரம் ஒன்று நிரப்பச் சொன்னார்கள். கோகிலா ஸ்கேன் அறையில் இருந்ததால் நான் நிரப்பினேன். 'மூட்டுக்குள் போட்ட ஊசி எத்தனை?' என்று ஒரு வரி. ஒன்று என்று போட்டேன். போன ஆகஸ்டில் கரூரில் எலும்பு டாக்டர் போட்டது. கோகிலா வந்து கையெழுத்துப் போடும்போது எட்டிப் பார்த்தாள்.

"சத்து ஊசியை எழுதலியாப்பா?"

"அது சத்துதான கண்ணு. டீ குடிச்சதையெல்லாமா எழுதுவாங்க?"

கையெழுத்துப் போட்டாள். காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கிள்ளி எடுத்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம். மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி, "அது ஏறிடுச்சாப்பா?" ஏறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பிளேன் ஏறியதில்லை. அரிசி அளவு கோகிலா முதலில் போயிருக்கிறாள், அதுவும் ஐஸ் பெட்டிக்குள் தனி சீட்டில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. வீக்கம் உண்டு. காய்ச்சல் 99. மாத்திரை காலை 2, மாலை 2. பூங்கோதை ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டிருக்கிறாள். சளிக்கும் குருத்தெலும்புக்கும் அவளுக்கு வித்தியாசம் கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி

தினமும் காலையில் கோகிலா, "மும்பைக்காரி என்ன பண்றாளோ?" என்கிறாள். பல் விளக்குகிறாள், வடாபாவ் தின்கிறாள், இந்தி கற்றுக்கொண்டாள் என்று நான் ஏதாவது சொல்ல வேண்டும். "திரும்பி வந்தா முட்டி இந்தி பேசுமாப்பா?" என்றாள் இன்று. பூங்கோதைக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுடைய கோச் ஸ்டெல்லா மிஸ் போன் பண்ணினார். தேர்வில் முதல் தாண்டல் 12.71. இதுவே பட்டியலில் மூன்றாவது இடமாம். மே மாதம் உடல்தகுதி பார்ப்பார்களாம். "அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சு ஊன்றுகோல் இல்லாம வந்து நின்னா டைம் கேட்டுப் பார்க்கலாம் சார். நான் பேசறேன்." மார்ச்சில் ஆபரேஷன், மே மாதம் நிற்பது. விரல் விட்டு எண்ணினேன். இடிக்காமல் வருகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டறைக்குப் போகும்போது குப்புராஜ் தன் மெடிக்கல் கடை வாசலில் நின்று, "வேலண்ணா, பாப்பா எப்படி இருக்குது?" என்று கூப்பிட்டான். காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன். இப்போதெல்லாம் ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன். நடை உடம்புக்கு நல்லது.

மார்ச் 3, திங்கள்

பொங்கலுக்கு முன்னால் அனுப்பிய பஸ் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. இடது பக்கம் முழுக்கக் கொப்புளம், அம்மை போட்ட மாதிரி. ஃபோர்மேன் சவரிமுத்து ஸ்குரூடிரைவரால் ஒரு கொப்புளத்தைக் குத்தினார். பட்டி பப்படம் மாதிரி உதிர்ந்தது. அடியில் துரு.

"துருவைச் சுரண்டாம மேல பட்டி வெச்ச மகராசன் யாருய்யா?"

"நான்தாங்க" என்றேன். "பொங்கலுக்கு வண்டி வேணும்னு முதலாளி குதிச்சாரு. சுரண்டியிருந்தா ரெண்டு நாளு ஆயிருக்கும்."

"இருபத்தஞ்சு வருசம் சர்வீசு உனக்கு. மேல வெச்சா நிக்காதுன்னு தெரியாதா?"

"தெரியுங்க. கொஞ்ச நாளைக்காச்சும் நிக்குமேன்னு வெச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. தகரம்தானே, சுரண்டிவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வரை சுரண்டினேன். கண்ணெல்லாம் துருத்தூள்.

கோகிலா கால்: வீக்கம் இல்லை. 110 டிகிரி வரை மடங்குகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். மும்பையில் வளரவில்லையாம்.

மார்ச் 13, வியாழன்

கோயம்புத்தூர். டாக்டர் ஜெபராஜ் இன்று படம் எதுவும் வரையவில்லை.

"பத்தொன்பது வயசுப் பொண்ணு. அணுக்கள் நல்லா பெருகியிருக்கணும். பாதிக்கு மேல செத்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. மிச்சமும் பெருகல. எனக்குப் புரியல" என்றார். என்னைப் பார்த்தார். "ஐயா, ஊசி ஒண்ணுதானே? ஆகஸ்டுல போட்டது?"

"ஒண்ணுதாங்க."

"ஸ்டீராய்டு ஊசி அடிக்கடி போட்டா இந்த அணுக்களையே கொன்னுடும். அதுக்காகக் கேக்கறேன். சமீபத்துல எதுவும் போடலியே?"

"இல்லீங்க."

கோகிலா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அந்த அறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கிள்ளுவதற்குப் பாரம் விழாத ஓரம் இன்னும் ஒன்றுதான் மிச்சமாம். "அதுவும் வீணாயிட்டா அப்புறம் எடுக்கறதுக்கு இடம் இல்ல. இருபதாம் தேதி வெச்சுக்கலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கினாள். தூங்கின மாதிரி இருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

பூங்கோதை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சத்து ஊசியால ஒண்ணும் இருக்காதுங்களே?"

"ரசத்துல உப்பே இல்ல" என்று கத்தினேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இதை யாரும் படிக்கப்போவதில்லை. கோழியும் நானும்தான்.

ஆகஸ்டில் ஊசி போட்ட டாக்டர், "வலி போயிடும். ஆனா வலி போனதை நம்பித் தாண்டக் கூடாது. மூணு மாசம் ஓய்வு" என்றார். அக்டோபரில் மண்டலப் போட்டி. வலி திரும்ப வந்துவிட்டது. டாக்டரிடம் போனால் திட்டுவார் என்று குப்புராஜிடம் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன்தான், கை சுத்தம். "அதே மருந்துதாண்ணா, நான் போட்டா என்ன, அவரு போட்டா என்ன?" என்றான். கோகிலா பயந்தாள். "திரும்ப அதே ஊசியாப்பா?" என்றாள். "இது வேற கண்ணு, சத்து ஊசி" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தை. எங்கள் ஊரில் எது போட்டாலும் சத்து ஊசிதானே. மண்டலத்தில் முதலிடம். பேப்பரில் படம் வந்தது. வெட்டி என் டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டினேன்.

ஜனவரி 19 அன்று இன்னொன்று. அதற்குப் பதினெட்டே நாள் கழித்து மும்பைக்குக் கிள்ளினார்கள்.

ஆக மூன்று.

சொன்னால் டாக்டர் தேதியைத் தள்ளிவிடுவார். தள்ளினால் மே மாதம் நிற்க முடியாது. ஒருவேளை இந்தத் தடவை வளர்ந்துவிட்டால்? கொஞ்ச நாளைக்காச்சும் நிற்காதா?

மார்ச் 19, புதன்

அட்மிஷன். காய்ச்சல் இல்லை. பெட் நம்பர் 14, ஜன்னல் பக்கம். கேன்டீன் இட்லியை எறிந்தால் ஜன்னல் உடையும் என்றேன். கோகிலா சிரிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஃபாரம் வந்தது. அதே ஃபாரம். இந்தத் தடவை நர்ஸம்மா கோகிலாவிடம் கொடுத்தார். டாக்டரும் கூடவே வந்து கால்மாட்டில் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் பேர், வயது, ரத்த வகை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள். அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"எத்தனைப்பா?" என்றாள்.

அவளுக்குப் பதில் தெரியாத கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

துரு ஞாபகம் வந்தது என்றெல்லாம் எழுதினால் அது பொய். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவள் வலது கால்தான் தெரிந்தது. பச்சை மார்க்கரால் முட்டிமேல் அம்புக்குறி போட்டிருந்தார்கள், இந்தக் கால்தான் என்று.

"இங்க குடு சாமி" என்று ஃபாரத்தை வாங்கி, 3 என்று போட்டேன். டாக்டரிடம் நீட்டினேன். "ஒண்ணில்லீங்க. மூணு. கடைசி ஊசி ஜனவரி பத்தொன்பது. மெடிக்கல்ல போட்டது. நான்தான் கூட்டிட்டுப் போனேன். புள்ளைக்குத் தெரியாதுங்க, சத்து ஊசின்னு சொல்லியிருந்தேன்."

டாக்டர் வாங்கி அந்த வரியைப் பார்த்தார். கோகிலா கையை நீட்டி அவரிடமிருந்து ஃபாரத்தை வாங்கினாள். மூன்றை அடித்தாள். பக்கத்தில் 4 என்று எழுதினாள்.

"டிசம்பர்ல ஒண்ணு. யுனிவர்சிட்டி மீட்டுக்கு முந்தி. அப்பா டெலிவரி வண்டியோட பெங்களூரு போயிருந்தாரு. நானே குப்புராஜண்ணன் கடைக்குப் போய் அதே சத்து ஊசி போடுங்கன்னேன்."

நர்ஸம்மா ஜன்னல் திரையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் ஸ்கேனை உறைக்குள் போட்டார். "போன தடவையே சொல்லியிருந்தா நான் கிள்ளியிருக்கவே மாட்டேன். இன்னிக்கும் எடுக்கப் போறதில்ல. ஜூன்ல வாங்க. முட்டி ஆறட்டும்." வாசல்வரை போனவர் திரும்பினார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இன்னிக்கு சொல்லலேன்னா அந்தக் கடைசி ஓரமும் போயிருக்கும்."

பஸ் காங்கேயம் தாண்டியது. பிறகு நான்தான், "உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?" என்றேன்.

"அக்டோபர்லயே. மருந்துப் பெட்டியில பேரு போட்டிருக்குதேப்பா. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. சத்துன்னு."

வெள்ளகோவிலில் முறுக்கு விற்க வந்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்றையும் பிரிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வேலைக்குப் போனேன்.

மார்ச் 24, திங்கள்

குப்புராஜ் கடைக்கு இன்று நேர் வழியாகவே போனேன். அடிக்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன். "சின்னப் புள்ள தனியா வந்து கேட்டா நீ போட்டுருவியாடா?" என்றேன்.

"நீங்கதானண்ணா அதுக்கு ரெண்டு மாசம் முன்ன கூட்டியாந்தீங்க. அப்பா சொல்லி அனுப்புச்சாருன்னுதே பாப்பா சொன்னது."

கை தூக்கவில்லை. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். பாயசம். கோகிலா ஊன்றுகோலுடன் எழுந்து வந்து சாப்பிட்டாள். என்னோடு பேசுகிறாள், தண்ணி வேணுமா, டிவியைக் குறைக்கட்டுமா என்று. மும்பைக்காரியைப் பற்றிப் பேச்சே இல்லை. நானாக ஒரு தடவை, "அவ லீவுல இருக்கா போல" என்று ஆரம்பித்தேன். "விடுங்கப்பா" என்றாள்.

மே 16, வெள்ளி

உடல்தகுதித் தேர்வு இன்று. நாங்கள் போகவில்லை. ஸ்டெல்லா மிஸ் டைம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. நான்காவதாக இருந்த தேனிப் பெண்ணுக்கு அந்த இடம் போய்விட்டது. "பாவம், அவளும் கஷ்டப்பட்ட குடும்பந்தாம்பா" என்றாள் கோகிலா. மதியம் தன் ஸ்பைக்ஸ் ஷூவைத் துடைத்து வாசலில் காயவைத்தாள். சாயங்காலம் ஜூனியர் பெண் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

டூல்ஸ் பெட்டி மூடியில் இருந்த பேப்பர் படத்தைப் பிய்த்துவிடலாம் என்று பார்த்தேன். பெயிண்ட் தின்னர் போட்டும் முழுசாக வரவில்லை. கால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கடைசி ஓரத்திலிருந்து கிள்ளினார்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததில் பள்ளம் பெரிதாகியிருக்கிறது. நகம் அளவு இருந்தது இப்போது அஞ்சு ரூபாய்க் காசு அளவு. டாக்டர் அவளிடம் நேராகவே சொன்னார்.

"இது நிக்கறதுக்கு, நடக்கறதுக்கு, படி ஏறறதுக்கு, நாளைக்குக் குழந்தையைத் தூக்கிட்டு மாடி ஏறறதுக்கு. தாண்டறதுக்கு இல்லம்மா. புரியுதா?"

"புரியுது சார்."

"அழணும்னா அழுதுக்கோ."

"அப்பா இருக்காரு சார்" என்றாள்.

நான் கேன்டீனுக்குப் போய்விட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மும்பையில் வளர்ந்திருக்கிறது. போன் வந்ததும் பூங்கோதை சாமி படத்துக்கு முன் போய் நின்றாள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம். பசை மாதிரி ஒன்றில் கலந்து பள்ளத்தில் வைத்தார்களாம். இது காய்வதற்கு வருஷமாகும் என்றார் டாக்டர். ஆறு வாரம் கால் தரையில் படவே கூடாது. அவசரப்பட்டால் பெயர்ந்து வந்துவிடும். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவளைத் தூக்கிக் குளியலறை வாசலில் விடுகிறேன், தூக்கிக்கொண்டு வருகிறேன். 54 கிலோ. எனக்கு இடுப்பு போனால் அடுத்த பட்டி எனக்குத்தான் என்றேன். "உங்களுக்கு எங்கேருந்துப்பா கிள்ளுவாங்க, ஒரே கொழுப்பு" என்றாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு ஒரு கிண்டல்.

செப்டம்பர் 17, புதன்

ஆறு வாரம் முடிந்தது. பிசியோ ஷர்மிளாம்மா வீட்டுக்கே வந்தார். கூடவே எடை பார்க்கும் மிஷின் ஒன்று, முள் வைத்தது. அதன் மேல் வலது காலை வைத்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இந்த வாரம் பத்து கிலோ, அதற்குமேல் ஒரு கிலோகூடக் கூடாது.

"அவ குனிஞ்சு பாக்கக் கூடாது. நேரா நிக்கணும். நீங்க படிச்சுச் சொல்லுங்க அப்பா. நாளைலேருந்து நான் இருக்க மாட்டேன், நீங்கதான்" என்றார்.

கோகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் குப்புறப் படுக்காத குறையாக முள்ளுக்கு நேரே முகத்தை வைத்தேன். கால் சூம்பியிருந்தது. முட்டியில் தையல் தழும்பு நீளமாக, பளபளப்பாக. பாதம் மிஷின் மேல் வந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு அந்தக் கால் ஒன்றின் மேல் நிற்கிறது.

இரண்டு. நான்கு. ஏழு.

"இன்னும் அழுத்தலாம்ப்பா, வலியே இல்ல" என்றாள். குரலில் பழைய கோகிலா இருந்தாள். ஓடுபாதைக் கோடியில் நின்று கை தட்டச் சொல்வாளே, அந்தக் குரல். கதவருகில் பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒன்பது. பத்து.

"எத்தனைப்பா?"

முள் பத்தைத் தாண்டிப் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. பெருவிரல் வெளுத்து நடுங்கியது.

"பன்னெண்டு" என்றேன். "எடுத்துரு சாமி."

எடுத்துவிட்டாள்.